ஒட்டாத சுவரில் ஒட்டும் குழியங்கள்

நெய்யும் முட்டையும் வரையின்றி உண்பவர்க்கே குருதியிற் கொலஸ்ரோல் மிகும் என்பது நம்மிற் பலரது எண்ணம். 1973ஆம் ஆண்டு ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் யோஷியோ வத்தனாபே என்பார் கண்ட முயலொன்று இவ்வெண்ணத்திற்கு மாறாக அமைந்தது. வழக்கமான தீனியே தின்று வந்த அம்முயலின் குருதியிற் கொலஸ்ரோல் பன்மடங்கு மிகுந்திருந்தது. அதன் சந்ததிக்கும் அக்குறை இறங்கிற்று.

மனிதரிடத்தும் இத்தகைய குறை உண்டு. கொலஸ்ரோலைச் சுமந்து திரியும் நுண்டுணிக்கைகளை ஈரற் கலங்கள் தம்மேலுள்ள வாங்கிகளாற் பற்றி உள்ளிழுக்கின்றன. அவ்வாங்கியை ஆக்கும் பரம்பரையலகு பழுதுபடின் துணிக்கைகள் குருதியிலேயே தேங்கும். இதனை விளக்கிய அமெரிக்க மருத்துவர்களான பிரவுணும் கோல்ட்ஸ்ரைனும் 1985இல் நொபெல் பரிசு பெற்றனர். பெற்றோருள் ஒருவரிடமிருந்து இப்பழுதைப் பெற்றோர், ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவராவர்.

தேங்கிய கொழுப்பு செய்யும் தீங்கு யாது? நாடியின் உட்சுவர் இயல்பில் வழுவழுப்பானது. வெண்குழியங்கள் அதில் ஒட்டாது ஓடிவிடும். துணிக்கைகள் சுவரினுட் புகுந்து சிதைவுறும்போதோ, உட்படைக் கலங்கள் ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டுகின்றன. கிருமி புகுந்தவிடத்துக் காவலரை அழைக்கும் அடையாளம் அது. இங்கே கிருமி இல்லை. ஆயினும் காவலர் வந்துவிடுகின்றனர். மொனோசைற் எனப்படும் வெண்குழியங்கள் சுவர்மீது உருண்டு, வேகந் தணிந்து, இறுக ஒட்டி, கலங்களின் இடுக்கால் உள்ளே நுழைகின்றன. அங்கே கொழுப்பை விழுங்கி, நுரைபோற் பருத்து, மீளாது கிடக்கின்றன. நாடியை அடைக்கும் படிவின் தொடக்கம் இதுவே. வத்தனாபே முயல்களின் நாடிகளை நுணுக்குக்காட்டியால் நோக்கியோர் இவ்வொட்டுதலை நேரிற் கண்டனர்.

நோவு சிறிதும் இன்றி, இளம்பருவத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. மருந்தின்றி விடப்பட்ட ஆண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் 50 வயதுக்குள் இருதயநோய்க்கு ஆளாகின்றனர். "அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு ஆயுள் குறைவு" என்று ஊரார் பேசிக்கொள்வதன் பின்னே சிலவேளை இக்குறையே மறைந்திருக்கும்.

பெரும்பாலோரிடம் பழுதுபடாத அலகு ஒன்றேனும் எஞ்சியிருப்பது நற்பேறு. ஜப்பானியரான அக்கிரா எண்டோ பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்த மருந்தின் வழிவந்த ஸ்ரற்றின் வகைகள், அவ்வலகைக் கொண்டு ஈரல் மிகுதியான வாங்கிகளை ஆக்குமாறு செய்கின்றன. தேக்கம் குறைய, ஒட்டுதலும் குறைகிறது. ஆதலின், தந்தைக்கோ தாய்க்கோ இக்குறை உண்டெனத் தெரிந்தால், பிள்ளை மெலிந்தவன், ஓடியாடி விளையாடுபவன் என்று இருந்துவிடாது, பத்து வயதுக்குள்ளேயே அவன் குருதியையும் சோதிப்பித்தல் வேண்டும்.