சம்மன் வந்துவிட்டது: கட்டுவதா, வழக்காடுவதா?

உலு திராமில் குடியிருந்து ஜொகூர் பாருவுக்கோ, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவர்களின் பொழுதில் பெரும்பங்கு சாலையில்தான் கழிகிறது. ஜொகூர் பாருவையும் கோத்தா திங்கியையும் இணைக்கும் மூன்றாம் எண் கூட்டரசு சாலை ஊர் வழியாகவே போகிறது. பக்கத்தில் 77 கிலோமீட்டர் நீளமுள்ள செனாய்–தேசாரு நெடுஞ்சாலை. மலேசியாவில் நெடுஞ்சாலைக்கு 110, கூட்டரசு சாலைக்கு 90, நகர்ப்பகுதிக்கு 60 கிலோமீட்டர் என்பது பொதுவான வேக வரம்பு. இடத்துக்கு இடம் பலகை அதைவிடக் குறைத்தும் சொல்லும். பெருநாள் காலத்தில் 90 என்பது 80 ஆவதும் உண்டு. இத்தனை வரம்புகளுக்கு நடுவே தினமும் ஓடுகிற வண்டிக்கு ஒருநாள் சம்மன் வருவதில் ஆச்சரியம் இல்லை. வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம்.

நேற்றுவரை இதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது: பேசாமல் வைத்திருப்பது. அந்தப் பழக்கத்தை வளர்த்ததே கடந்த கால நடவடிக்கைகள்தாம். 2012 செப்டம்பரில் ஏஇஎஸ் தானியங்கிக் கேமராக்கள் வந்தன. சட்டக் கேள்விகள் எழுந்ததால், அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவை தொடர்பான வழக்குகளை அட்டர்னி ஜெனரல் நிறுத்திவைத்தார். 2017இல் அதே திட்டம் அவாஸ் என்ற பெயரில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் கைக்கு மாறியது. 2018இல், கட்டப்படாமல் கிடந்த லட்சக்கணக்கான கேமரா சம்மன்களை அரசாங்கமே ரத்து செய்தது. இடையிடையே போலீஸ் சம்மன்களுக்குத் தள்ளுபடி மேளாக்களும் நடந்தன. ஒழுங்காக உடனே கட்டியவர் முழுத் தொகை கட்டினார். காத்திருந்தவர் பாதியில் தப்பினார்.

2026 ஜனவரி 1 முதல் கணக்கு தலைகீழானது. போலீஸ், ஜேபிஜே இரண்டுக்கும் ஒரே முறை. முதல் 15 நாளுக்குள் கட்டினால் அபராதத்தில் பாதி கழியும். 16 முதல் 30ஆம் நாள் வரை மூன்றில் ஒரு பங்கு கழியும். 31 முதல் 60ஆம் நாள் வரை முழுத் தொகை. அதையும் தாண்டினால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். 300 ரிங்கிட் சம்மன் என்றால் முதல் இரண்டு வாரத்தில் 150 ரிங்கிட்டோடு முடிந்துவிடும். வேகமாக ஓட்டியது உண்மை என்று தெரிந்தவருக்கு இது நல்ல ஏற்பாடு. யோசிக்க ஒன்றுமில்லை, கட்டிவிடலாம்.

சங்கடம் தப்பே செய்யாதவருக்குத்தான். ஆலைத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட், அதாவது ஒரு நாள் கூலி ஏறக்குறைய 65. வழக்கு இரண்டு மூன்று முறை தள்ளிப்போனாலே, லீவு போட்ட நாள்களின் சம்பளம் 150 ரிங்கிட்டை மிஞ்சிவிடும். வக்கீல் வைத்தால் செலவு அதற்கும் மேலே. தோற்றால், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி நீதிமன்றம் 2,000 ரிங்கிட் வரை அபராதம் போடலாம். பாதித் தள்ளுபடி என்பது இப்படிப்பட்டவரிடம் “நியாயம் உன் பக்கம் இருந்தாலும் கட்டிவிட்டுப் போ” என்று சொல்வதற்குச் சமம். இது சரியல்ல. சம்மனை மறுப்பவரின் கோரிக்கையை விசாரித்து முடிக்கும்வரை தள்ளுபடி நாள்களை நிறுத்திவைப்பதே நேர்மையான ஏற்பாடாக இருக்கும்.

பணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் முடியாது. குற்றப் புள்ளி கணக்கிடும் கெஜாரா முறையில் வரும் குற்றங்களுக்குச் சம்மனைக் கட்டினாலும், நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தாலும் லைசென்ஸில் புள்ளி ஏறும். 20 புள்ளி சேர்ந்தால் எச்சரிக்கை. அதற்குப் பிறகும் சேர்ந்துகொண்டே போனால் லைசென்ஸ் முடக்கம்வரை போகும். லாரி, ஆலை பஸ், கிராப் ஓட்டிப் பிழைப்பவருக்கு லைசென்ஸ்தான் சோறு. பாதி விலை என்று யோசிக்காமல் கட்டுவது அவருக்கு ஆபத்து.

அப்படியானால் எப்போது வழக்காடலாம்? கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: சம்மனில் எழுதியிருப்பதில் எது பொய்? வண்டி என்னுடையதல்ல, ஓட்டியது நானல்ல, அந்த இடத்தின் வரம்பு அதுவல்ல, அளந்த வேகம் தவறு. இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் வழக்கு நிற்கும். “பிள்ளைக்குக் காய்ச்சல், அவசரமாகப் போனேன்”, “எல்லாரும் அதே வேகத்தில்தான் போனார்கள்” என்பவை குற்றத்தை ஒப்புக்கொண்டு சொல்லும் காரணங்கள். அவற்றுக்கு வேறு வழி உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, வருமானத்தையும் சூழ்நிலையையும் எடுத்துச் சொல்லி, தொகையைக் குறைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். முறையிடுவதையும் மறுப்பதையும் குழப்பிக்கொண்டு நீதிமன்றம் போகிறவர்கள் ஏராளம்.

வண்டி நம்முடையதல்ல என்பது கேட்பதற்கு விநோதமாக இருக்கலாம், ஆனால் நடப்பில் அடிக்கடி வருவது. போலி எண் பலகை மாட்டிய கார்கள் உண்டு. அதைவிடப் பெரிய தலைவலி “சம்போங் பாயார்”. தவணை கட்ட முடியாமல், பெயர் மாற்றாமல் காரை இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி எங்கேயோ ஓடுகிறது, சம்மன் இவர் வீட்டுக்கு வருகிறது. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, வண்டி பதிவாகியுள்ளவரிடம் ஓட்டியவர் யார் என்று கேட்கிறது. பெயர், அடையாள அட்டை எண், முகவரி கொடுக்க முடியாதவருக்குத் தப்பிக்க வழி குறைவு. புள்ளிக்குப் பயந்து வேறொருவர் பெயரைக் கொடுப்பதோ தனிக் குற்றம்.

ஓட்டியவர் யார் என்று கேட்பதே மௌனமாக இருக்கும் உரிமைக்கு எதிரானதல்லவா என்று பிரிட்டனைச் சேர்ந்த இருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். வண்டி வைத்திருப்பவர் அதற்கான விதிகளையும் ஏற்றுக்கொண்டவரே என்று சொல்லி, 2007இல் அந்த நீதிமன்றம் அவர்கள் வாதத்தைத் தள்ளியது. அளந்த வேகம் தவறு என்று நிரூபிப்பதும் எளிதல்ல. அதே நாட்டின் வூஸ்டர் நகரில், 30 மைல் பகுதியில் 35 மைல் வேகத்தில் சென்றதாக ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவருக்கு 2016இல் 100 பவுண்டு அபராதம் வந்தது. கருவி பக்கத்து வண்டியை அளந்திருக்கலாம் என்பது அவர் வாதம். மூன்று ஆண்டு, ஏறக்குறைய 30,000 பவுண்டு செலவு. 2019இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். அவர் வாதம் முட்டாள்தனமானதல்ல. நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, பதில் எழுதுவதற்கு முன்பே ஆதாரத்தைத் தேட வேண்டும். படத்தைக் கேட்டுப் பாருங்கள். எண் பலகை தெளிவாக இருக்கிறதா, காரின் நிறமும் மாடலும் பொருந்துகின்றனவா, படத்தில் வேறு வண்டி இருக்கிறதா? கருவியின் அளவு சரிபார்ப்புச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும்? அன்று வேலைக்கு வந்ததற்கான பதிவு, டேஷ்கேம் காட்சி, டோல் ரசீது ஏதும் உண்டா? இருந்தால், சம்மனை வெளியிட்ட போலீஸ் போக்குவரத்துப் பிரிவுக்கோ ஜேபிஜேக்கோ முதலில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தெளிவான பிழை அங்கேயே தீர்ந்துவிடக்கூடும்.

தீராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். ஜொகூர் பாரு நீதிமன்ற வளாகம் ஜாலான் ஆயர் மோலேக்கில் இருக்கிறது, உலு திராமிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். குற்றச்சாட்டை வாசித்து ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். மலாய் சரளமாக வராதவர் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். “விசாரணை வேண்டும்” என்றால் வேறு தேதி குறிப்பார்கள். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் கருவியின் துல்லியத்தைக் கேள்வி கேட்பதாக இருந்தால் வக்கீல் இல்லாமல் போவது கடினம்.

இவ்வளவும் சொல்லும்போது மறக்கக் கூடாத ஒன்று உண்டு. இந்த நாட்டுச் சாலைகளில் 2023இல் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேகத்துக்குத் தண்டனை வேண்டும், அது ஓட்டியவருக்கே போய்ச் சேர வேண்டும்.

நோட்டீஸ் தபாலில் தாமதமாக வரலாம். மைபாயார் பிடிஆர்எம், மைஜேபிஜே செயலிகள் இரண்டிலும் மாதம் ஒருமுறையாவது உங்கள் பெயரில் சம்மன் உண்டா என்று பாருங்கள். சம்மன் இருந்தால் 15 நாளுக்குள் கட்டுவதா மறுப்பதா என்று முடிவெடுத்துவிடுங்கள். எதைச் செய்தாலும் நீதிமன்றத் தேதியைத் தவற விடாதீர்கள். வராதவருக்குப் பிடியாணை வரலாம்.