பூச்சியின் தொடையில் ஒரு பற்சக்கரம்

இனயம் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு நீரைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பரப்பின் முன்னால் நம் கைகள் தாமாகவே குவிகின்றன. பெரியதைக் கண்டு வணங்க யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே கரையில் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும் சிப்பியை மிதித்துக் கடக்கிறோம். தென்னந்தோப்பில் தத்தித் திரியும் பூச்சியைக் கையால் விரட்டுகிறோம். கருங்கல் ஊர்ப் பக்கமிருந்து வளைந்து இறங்கும் சாலையில் மீன் ஏற்ற வரும் டெம்போ, வளைவுக்கு வளைவு எப்படி இத்தனை இலகுவாகத் திரும்புகிறது என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை. கடலுக்குக் கரை வகுத்த அதே ஞானம் இந்தச் சிறியவற்றுக்குள்ளும் குடியிருக்கிறது. அதைக் காண நாம் சற்றுக் குனிய வேண்டும், அவ்வளவே.

குனிந்து பார்த்தவர்களுக்கு ஒரு பூச்சியின் தொடையில் பற்சக்கரம் தெரிந்தது.

இஸ்ஸஸ் என்பது ஐரோப்பியத் தோட்டங்களில் ஐவிக் கொடியின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு தத்துப்பூச்சி. நாஞ்சில் நாட்டு வயல்களில் நெற்பயிரைக் கருக்கும் புகையானும் இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2013-ஆம் ஆண்டு மால்கம் பரோஸ், கிரிகரி சட்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் இஸ்ஸஸின் இளம்பருவத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அது துள்ளும் விதத்தை அதிவேகக் கேமராவில் பதிந்தார்கள். இரண்டு பின்னங்கால்களும் உடலோடு சேரும் இடத்தில், அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத வளைந்த பட்டை ஒவ்வொன்று. ஒவ்வொரு பட்டையிலும் 10 முதல் 12 பற்கள். இடப்பக்கப் பல் வலப்பக்க இடைவெளிக்குள் அமர, வலப்பக்கப் பல் இடப்பக்க இடைவெளிக்குள் அமர, இரண்டும் எதிரெதிராகச் சுழன்று பூச்சியை ஆகாயத்தில் எறிகின்றன. 2 மில்லிசெகண்டுக்குள் அது விநாடிக்கு 3.9 மீட்டர் வேகத்தைத் தொட்டுவிடுகிறது.

இந்தப் பற்கள் எதற்கு? ஒரு கால் இம்மியளவு முந்திவிட்டாலும் பூச்சி நேராகத் தாவாமல் பம்பரமாய்ச் சுழன்று விழும். நரம்பின் ஒரு துடிப்புக்கே ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டு ஆகும். துள்ளலே முடிந்துபோகிற அந்த நேரத்துக்குள், இரண்டு கால்களையும் சேர்த்து நடத்த மூளையால் எப்படி முடியும்? ஆகவே அந்தப் பொறுப்பு மூளையிடம் விடப்படவில்லை, பல்லிடம் ஒப்படைக்கப்பட்டது. பற்கள் கோத்துக்கொண்ட பிறகு இரு கால்களுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 30 பங்குக்குள் அடங்கிவிடுகிறது. நாம் ஒருமுறை இமைப்பதற்குள் அந்த அளவு நேரம் ஆயிரக்கணக்கான முறை வந்து போய்விடும்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் நெஞ்சு நெகிழ்கிறது. அந்தப் பற்களின் அடி, சுவரும் தரையும் சேரும் மூலைபோல் கூராக வெட்டப்படாமல் மெல்ல வளைந்து குழிந்திருக்கிறது. கார் பந்தயத்துக்குப் பற்சக்கரம் செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். சுமை ஏறும்போது பல் முறிவது நுனியில் இல்லை, அடியில். அடி கூராக இருந்தால் விசை முழுதும் அந்த ஒரு கோட்டில் குவிந்து கீறல் பிறக்கும். வளைந்திருந்தால் விசை பரவி ஓடிவிடும். தேர்ந்த பட்டறைகளில் அந்த வளைவை மெருகேற்றி, அதன்மேல் நுண்ணிய எஃகுக் குண்டுகளை மழைபோல் பொழிந்து அடித்து இறுக்குவார்கள். நம் தொழிற்சாலைகள் பல முறிவுகளுக்குப் பிறகு கற்ற பாடம், ஒரு பூச்சிக் குஞ்சின் தொடையில் முன்பே எழுதப்பட்டிருந்தது.

சேர்ந்து நடப்பது ஒரு கலை என்றால், வேறுபட்டும் பிரியாமல் நடப்பது அதனினும் பெரிய கலை. தாவுகிற உயிருக்கு இரு கால்களும் ஒன்றாக வேண்டும். திரும்புகிற வண்டிக்கோ இரு சக்கரங்களும் ஒன்றாகவே கூடாது. ஒரு செங்கோண வளைவில், 1.4 மீட்டர் அகலத்தில் சக்கரங்கள் அமைந்த காரின் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 2.2 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு சிறியதானாலும் பெரியதானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரே அச்சில் இரண்டையும் இறுகக் கட்டிவிட்டால் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபட்டே ஆகவேண்டும். 1820-களின் இறுதியில் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளர் நீராவி வண்டிக்காக வகுத்த டிஃபரன்ஷியல், இந்தச் சிக்கலை நான்கு சிறு பற்சக்கரங்களுக்குள் தீர்த்து வைத்தது.

அதன் தர்மத்தைப் புரிந்துகொள்ள நம் கடற்கரையின் கரமடி போதும். வலையின் இரு கயிறுகளையும் இரண்டு குழுவினர் கரையில் நின்று இழுக்கிறார்கள். நீவாடு என்னும் கடல் நீரோட்டம் ஒருபக்கமாகச் சாயும் நாளில் ஒரு குழு அதிகக் கயிறு இழுக்கும், மறு குழு குறைவாக இழுக்கும். ஆனாலும் இரு கயிறுகளிலும் இழுவிசை சமமாக இருந்தால்தான் வலை கோணாமல் கரைசேரும். டிஃபரன்ஷியலும் அப்படியே: ஓடும் தூரம் வேறு, பெறும் விசை ஒன்று. அதன் பலவீனமும் கரமடியின் பலவீனமே. ஒரு பக்கம் கை தளர்ந்தால் மறுபக்கத்தின் பலம் முழுதும் வீணாகிறது.

எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரில் இந்தப் பலவீனம் வளைவுக்கு வளைவு வந்து நிற்கும். வேகமாகத் திரும்பும்போது கார் வெளிப்பக்கம் சாய, உள்சக்கரத்தின் மேலிருக்கும் பாரம் குறைகிறது. சில நேரம் அது தரையை விட்டே எழும்பிவிடுகிறது. பிடிப்பு இழந்த அந்தச் சக்கரம் சும்மா சுழல, பிடிப்புள்ள சக்கரம் பட்டினி கிடக்கிறது. இதற்கு மருந்துகள் உண்டு. திருகுப் பற்கள் கொண்ட டிஃபரன்ஷியல், பிடிப்புள்ள பக்கத்துக்குச் சில மடங்கு கூடுதல் விசையை அமைதியாகத் தள்ளிவிடும். தேய்வு குறைவு, சாலைக்கு மிக ஏற்றது. ஆனால் ஒரு சக்கரம் முற்றிலும் காற்றில் நின்றுவிட்டால் அது திகைத்துவிடும், ஏனென்றால் பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்தான். உராய்வுத் தகடுகள் கொண்டது அப்போதும் கைவிடாது. பதிலாகத் தகடுகள் தேயும், அடிக்கடி பிரித்துப் பார்க்க வேண்டும். முழுக்கப் பூட்டிவிட்ட அச்சு நேர்ப்பாதையில் மிக வலியது, வளைவிலோ காரை நேராகவே தள்ளும். இலகுவான காருக்குக் கனத்த காரின் இறுக்கத்தைக் கொடுத்தால் அது திரும்ப மறுக்கும். இங்கே தேர்வு என்பது எது பலமானது என்ற கேள்வியில் தொடங்குவதில்லை. எவ்வளவு போதும் என்ற கேள்வியில் தொடங்குகிறது.

இந்தப் போதுமென்ற அளவைப் படைப்பு எங்கும் காட்டிக்கொண்டே இருக்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சஞ்சய் சானேயின் குழு 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஈக்களின் நெஞ்சைத் திறந்து காட்டியது. விநாடிக்கு நூறு முறைக்கும் மேல் அடிக்கும் இரண்டு சிறகுகளும் ஒரே தாளத்தில் அடிக்க, நெஞ்சின் மேலோட்டிலுள்ள ஓர் இணைப்பு அவற்றைப் பிணைத்து வைக்கிறது. அந்த இணைப்பை வெட்டினால் தாளம் பிசகுகிறது. அதே ஈயின் ஒவ்வொரு சிறகின் அடியிலும் ஒரு கிளட்ச் இருக்கிறது. வேண்டும்போது ஒரு சிறகை மட்டும் விடுவித்து, மீண்டும் கோத்துக்கொள்ளலாம். கட்டும் இருக்கிறது, கட்டவிழ்ப்பும் இருக்கிறது; இரண்டும் ஓர் ஈயின் நெஞ்சுக்குள், அரிசி மணியளவு இடத்தில்.

கியர் விகிதமும் படைப்பில் இருக்கிறது. இனயத்து ஆழ்கடல் மீனவர்கள் கொண்டுவரும் சூரையை வெட்டும்போது நடுமுள்ளையொட்டிக் கருஞ்சிவப்புச் சதையும், அதைச் சுற்றி வெளிறிய சதையும் தெரியும். குழம்புக்குப் போகும் அந்த இரு நிறங்களும் இரு கியர்கள். சிவப்புச் சதை சோராமல் நீந்த. வெளிறிய சதை பாய்ந்து பிடிக்க. 1988-இல் லாரன்ஸ் ரோமும் துணைவர்களும் கெண்டை மீனில் அளந்து பார்த்தார்கள்: வெளிறிய இழைகள் சாய்வாகப் பின்னப்பட்டிருப்பதால், உடலை அதே அளவு வளைக்க அவை சிவப்பு இழைகளின் கால் பங்குதான் சுருங்க வேண்டியிருந்தது. நான்கு மடங்கு கியர். ஒவ்வொரு தசைக்கும் அது சிறந்து உழைக்கும் வேகம் ஒன்று உண்டு. மீன் அந்த வேகத்தை மீறித் தன் தசையை வதைப்பதில்லை, தசையை மாற்றுகிறது.

எஞ்சினுக்கும் அப்படி ஒரு வேகம் உண்டு. கோயம்புத்தூர்க் கரிவரதன், மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். சிறிய எஞ்சினைக் குறைந்த எடையோடு இணைத்து ஒரு தலைமுறைக்கே பந்தயம் கற்பித்த கார் அது. இத்தகைய காருக்கு, அச்சைச் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலும் அதை ஓட்டும் சிறிய பினியனும் தேர்ந்தெடுக்கிறவர், அந்தத் தடத்தின் மிக நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் எஞ்சின் தன் உச்ச வேகத்தைத் தொடும்படி கணக்கிடுவார். விகிதம் கூடினால் வளைவிலிருந்து சீறி எழும், ஆனால் பாதை முடியும் முன்பே மூச்சு முட்டும். குறைந்தால் கடைசிவரை முழு மூச்சு எடுக்கவே முடியாது.

பல்லின் எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. பினியனில் 10 பல், கிரவுனில் 40 பல் என்று வைத்தால், ஒவ்வொரு பினியன் பல்லும் ஆயுள் முழுதும் அதே 4 பற்களையே சந்திக்கும். ஒன்றின் குறை நான்கை அரிக்கும். 9-க்கு 37 என்று வைத்தால் ஒன்றைத் தவிர பொது வகுஎண் இல்லை. ஒவ்வொரு பல்லும் மற்றெல்லாப் பற்களையும் சந்தித்த பிறகே பழைய இணை மீண்டும் கூடும். தேய்மானம் எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. இதே எண்ணொழுக்கத்தை வட அமெரிக்கக் காடுகளின் சில்வண்டுகள் காக்கின்றன. ஒரு கூட்டம் 13 ஆண்டுக்கு ஒருமுறை, இன்னொன்று 17 ஆண்டுக்கு ஒருமுறை மண்ணைவிட்டு எழும். இரண்டும் பகா எண்கள். குறிப்பிட்ட இரு கூட்டங்கள் சேர்ந்து எழ 221 ஆண்டுகள் ஆகும். 1803-இல் அப்படி எழுந்த இரண்டு கூட்டங்கள் 2024-இல்தான் மறுபடி ஒன்றாகப் பாடின. மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் ஒரு புழுவுக்கு யார் வகுத்தல் கற்பித்தார்?

சரி, பல்லை எப்படி வலுவாக்குவது? முழுக்கக் கடினமாக்கினால் கண்ணாடிபோல் உடையும். முழுக்க மென்மையாக விட்டால் மெழுகுபோல் தேயும். ஆகவே எஃகைக் கரி நிறைந்த உலையில் 900 டிகிரிக்கும் மேல் வைத்து, மேல்தோலில் மட்டும் கரி ஏற்றி, சட்டெனக் குளிர வைக்கிறார்கள். புறம் கடினம், அகம் இளக்கம். இப்போது நாம் மிதித்துக் கடந்த சிப்பியிடம் போவோம். அலை அறைந்தும் பாறையை விடாத அதன் நார்கள் எதனால் ஆனவை என்று மைட்டிலஸ் இனச் சிப்பியில் ஆராய்ந்தபோது, நீண்டு கொடுக்கும் உள்ளிழையின்மேல் அதைப்போல் பல மடங்கு கடினமான மெல்லிய தோல் போர்த்தியிருப்பது தெரிந்தது. அந்தத் தோலின் கடினத்துக்குத் துணை நிற்பது இரும்பு. கடல்நீரில் துளியினும் துளியாகக் கலந்துள்ள இரும்பு. நாம் உலை மூட்டிச் செய்வதை அது குளிர்ந்த உப்புநீரில், ஓசையின்றி, தன் காலடியில் செய்துகொள்கிறது.

இஸ்ஸஸுக்குத் திரும்பினால் கடைசியாக ஒரு பாடம் மீதியிருக்கிறது. இளம்பூச்சி பலமுறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் பற்சக்கரம் புதிதாக வரும். ஒரு பல் உடைந்தாலும் அடுத்த சட்டையில் சரியாகிவிடும். ஆனால் முதிர்ந்த பூச்சி மறுபடி தோலுரிப்பதில்லை. அந்த வயதில் ஒரு பல் உடைந்தால் வாழ்நாள் முழுதும் ஊனம். அதனால்தானோ என்னவோ, கடைசி உரிப்பில் பற்களே மறைந்துவிடுகின்றன. முதிர்ந்த கால்கள் ஒன்றையொன்று உரசும் பிடிப்பாலேயே சேர்ந்து தாவுகின்றன, முன்னைவிட நன்றாகவே தாவுகின்றன. புதுப்பித்துக்கொள்ள முடிகிற காலத்தில் பல், முடியாத காலத்தில் நம்பிக்கை!

வலு என்றால் பருமன் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். பெரிய எஞ்சின், தடித்த அச்சு, உயர்ந்த மதில், உரத்த குரல். படைப்பு சொல்வது வேறு. முறியும் இடத்தை வளைவாக்கு; சுமையை எல்லோருக்கும் பகிர்ந்து கொடு; வெளியே உறுதியாய் இரு, உள்ளே இளகி இரு; சேர்ந்து தாவ வேண்டிய நேரத்தில் கோத்துக்கொள், திரும்ப வேண்டிய நேரத்தில் அடுத்தவனுக்கு அவனுடைய தூரத்தை ஓட இடம் கொடு. ஒரு காருக்கு மட்டுமல்ல, கணவன் மனைவிக்கும், அண்ணன் தம்பிக்கும், ஒரே கடலை நம்பி வாழும் ஊருக்கும் ஊருக்கும் இது பொருந்தும். சமமான விசையும் சமமல்லாத தூரமும் ஒரே அச்சில் சண்டையின்றி இருக்கலாம் என்பதை இரும்பே கற்றுக்கொண்டுவிட்டது. அதைவிட மென்மையான பொருளால் படைக்கப்பட்ட நாமும் கற்றுக்கொள்ள முடியும்.