ஏழைக்கு எட்டும் ரோமக் காசு

ரோமாபுரிக் காசு என்றதும் பொன்னும் வெள்ளியுமே நம்மவர் நினைவுக்கு வரும். புதுக்கோட்டைச் சீமையில் 1898-ஆம் ஆண்டு ஒரே புதையலில் 501 பொற்காசுகள் அகப்பட்டன. பெரும்பாலான காசுகளில் மன்னர் முகத்தின் மேல் உளிவெட்டு விழுந்திருந்தது. கோயமுத்தூர் வட்டாரத்தில் அகஸ்டஸ், டைபீரியஸ் சக்கரவர்த்திகளின் வெள்ளிக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்துள்ளன. இவையெல்லாம் அரும்பொருட்சாலையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து மகிழ வேண்டியவை. சம்பளக்காரர் கைக்கு எட்டுபவை அல்ல.

எட்டக்கூடிய ரோமக் காசும் உண்டு. அது செப்புக் காசு, கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. பல காசுகள் விரல் நக அளவுதான். கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரையிலும், இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. தேய்ந்து கறுத்த இத்துண்டுகளைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள்! பொன்னைப் பற்றி எழுதிய அளவுக்கு அறிஞர்களும் இதைப் பற்றி எழுதவில்லை.

அக்குறையைப் பெரிதும் நீக்கியவர் 'தினமலர்' ஆசிரியராயிருந்து 2021-இல் காலமான இரா. கிருஷ்ணமூர்த்தி. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் காசை 1980-களில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் இவரே. கரூர், மதுரையில் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசுகளுக்கென்றே தனி நூலும் எழுதினார். பொற்காசு பெருவணிகர் கைமாறியது. செப்புக் காசோ சில்லறைப் புழக்கத்துக்கு உரியது. அகஸ்டஸ் காலத்துக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ரோமத் தொடர்பு அறுபடவில்லை என்பதற்கு இந்த நகத்துண்டுகளே சாட்சி.

கியாக்தான் அன்பர்களுக்கு இது தூரத்துக் கதை அன்று. தாய்லாந்தின் தென்பகுதியில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் பொறித்த பொற்கொல்லர் உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. அதே நாட்டில் ஊ தோங் என்னுமிடத்தில் விக்டோரினஸ் என்ற ரோம மன்னனின் செப்புக் காசும் அகப்பட்டது. நம் முன்னோர் கப்பலேறி இராவதி முகத்துவாரத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே தமிழரும் ரோமக் காசும் வங்கக் கடலைத் தாண்டியாயிற்று.

இன்று ஐரோப்பாவில், சட்டப்படி நடக்கும் வணிகர்களிடம், கான்ஸ்டன்டைன் குடும்பத்தாரின் சாதாரணக் காசு பத்து இருபது டாலருக்குள் கிடைக்கிறது. ஒருபுறம் மன்னர் தலை. மறுபுறம் கொடியுடன் இரு வீரர்கள், அல்லது குதிரைவீரனைக் குத்தும் சிப்பாய். அடியில் உள்ள இரண்டு மூன்று எழுத்துக்களைப் பூதக்கண்ணாடியால் படித்தால், அந்தியோக்கியாவில் அடித்ததா அலெக்சாந்திரியாவில் அடித்ததா என்று சொல்லிவிடலாம். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் மேலெல்லாம் ஊசித்துளைகளும் இருந்தால் பெரும்பாலும் வார்ப்புப் போலி.

ஊருக்கு யாத்திரை போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கரூர்க் காசு மலிவாகக் கிடைக்கிறதென்று மடியில் முடிந்துகொண்டு வரக் கூடாது. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே கொண்டுசெல்வது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கும் மேலாக, எந்த மண்ணில், எதனோடு கிடந்தது என்ற செய்தி தொலைந்தால் காசின் பாதி உயிர் போயிற்று.

மீதிப் பாதியைப் போக்குவது நம் வீட்டுப் புளியும் சாம்பலும். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்தால் பளபளப்பு வரும். மன்னர் முகம் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் அழுக்கை மெல்ல நீக்குவதே முறை. இளம்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது வெண்கல நோய். உலோகத்துள் தங்கிய குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து காசை அரிக்கிறது. நம் ஊரில் மே முதல் அக்டோபர் வரை பெய்யும் மழைக்கு இந்நோய் விரைந்து முற்றும். நோயுற்ற காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் இறுக மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். நல்ல காசுகளுக்குத் தனித்தனிக் காகித உறை போதும். எவரிடம், எந்நாள், என்ன விலைக்கு வாங்கியது என்பதை உறையின் மேல் பென்சிலால் எழுதி வைக்கவும். மை மழைக்காலத்தில் ஊறிவிடும்.