கடலடி ஓடுகள் உரைக்கும் பண்டை நீரோட்டம்

தமிழ்ச் 'செவி'யைக் கன்னடக் 'கிவி'யோடு ஒப்பிட்டே, அச்சொல் மூலத்திராவிடத்தில் ககரத்தில் தொடங்கியது என அறிகிறோம். பண்டைக் கடலோட்டத்தை மீட்டறியும் முறையும் இத்தகையதே.

மேற்பரப்பிலிருந்து ஆழத்திற்கு இறங்கிய நீரில் உயிர்ப்பொருள்கள் மட்குவதால், காலப்போக்கில் கரிமம்-13இன் விகிதம் குறைகிறது. கடலடியில் வாழும் ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிரிகள் அவ்விகிதத்தைத் தம் சுண்ண ஓட்டில் பதிக்கின்றன. ஒரே காலத்து ஓடுகளைப் பல இடங்களிலிருந்து எடுத்து ஒப்பிட்டால், விகிதம் படிப்படியாகக் குறையும் திசை ஆழ்நீர் சென்ற திசையைக் காட்டும்.

பினாங்கிற்கு வடமேற்கே விரியும் அந்தமான் கடலிலும் 2014–15இல் 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' கப்பல் துளையிட்டு, பருவமழையின் வரலாற்றை அறிய இத்தகைய ஓடுகள் செறிந்த படிவுகளை எடுத்தது.

கடலடியில் வந்து சேரும் உணவின் மிகுதியும் அவ்விகிதத்தைக் குறைக்கக்கூடும். ஆகவே, கடன்சொல்லை விலக்கிய பின்னரே மூலச்சொல்லைத் துணிவதுபோல, பிற காரணங்களை விலக்கிய பின்னரே நீரோட்டத்தைத் துணிதல் வேண்டும்.