ஓடுபாதையில்லா ஊர்களுக்கு ஒரு விமானி

நல்லேப்பிள்ளியின் மார்கழிக் காற்றை அவ்வூரார் எளிதில் மறவார். நீலகிரிக்கும் ஆனைமலைத் தொடருக்கும் இடையே மலைகள் விலகி நிற்கும் இடமே பாலக்காட்டுக் கணவாய். அந்த வாயிலினூடே கிழக்கிலிருந்து புகும் காற்று இரவெல்லாம் பனையையும் தென்னையையும் உலுக்கிக் கொண்டேயிருக்கும். ஆடி மாதத்தில் அதே வாயிலின் வழியே மேற்கிலிருந்து காற்று எதிர்த்து வரும். இவ்வாறு காற்றோடு பழகி வளர்ந்த சிற்றூரிலிருந்து ஓர் இளைஞன் விமானியாக விரும்புவது வியப்பன்று. ஆனால் அவ்விருப்பத்திற்காகக் குடும்பத்தின் நிலம் அடகுக்குப் போகுமானால், அது அவன் ஒருவனுடைய செய்தியாக மட்டும் இருப்பதில்லை. ஆகவே இப்பொருளைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், கொச்சிப் போல்காட்டியின் காயலிலிருந்து எழும்பிய நீர் விமானம் ஒன்று, இடுக்கி மாவட்டத்து மாட்டுப்பட்டி அணையின் நீர்ப்பரப்பில் வந்து இறங்கிற்று. அது ஒரு வெள்ளோட்டமே. எனினும் மூணாற்று மலைகளுக்கு நடுவே விமானம் ஒன்று நீரைத் தொட்ட காட்சி, எல்லைப்புறத்து இளைஞர் பலர் உள்ளத்தில் பதிந்துவிட்டது. எம் தமக்கையின் மகனும் அவர்களுள் ஒருவன். "மாமா, பெரிய விமானம் எனக்கு வேண்டாம், இதைத்தான் ஓட்ட வேண்டும்" என்று அவன் எம்மிடம் கூறினான்.

அவன் விரும்பிய தொழிலை ஆங்கிலேயர் 'புஷ் பைலட்' என்பர். புதர்க்காட்டு விமானி என்று நாம் கூறலாம். தார்ச்சாலையும் இருப்புப்பாதையும் எட்டாத ஊர்களுக்கு மருந்து, தபால், உணவுப் பொருள், நோயாளி, பயணி ஆகிய அனைத்தையும் சிறு விமானத்தில் கொண்டு செல்பவன் அவன். முதல் உலகப் போருக்குப் பின்னர்க் கனடாவிலும் அலாஸ்காவிலும் இத்தொழில் வளர்ந்தது. அதற்கென்றே கனடாவில் ஆக்கப்பட்ட 'பீவர்' என்னும் விமானம் 1947ஆம் ஆண்டிலும், 'ட்வின் ஆட்டர்' என்னும் இரட்டை எஞ்சின் விமானம் 1965ஆம் ஆண்டிலும் முதன்முதலாகப் பறந்தன. மாட்டுப்பட்டியில் இறங்கியதும் ட்வின் ஆட்டர் இனத்தைச் சேர்ந்ததே.

இத்தொழிலின் அருமை யாதெனின், விமானி தன் அறிவையே பெரிதும் நம்பி நிற்க வேண்டும் என்பதாகும். பெருநகர விமான நிலையத்தில் அவனுக்கு வழிகாட்டப் பலர் உளர். காட்டிலோ, காற்றின் திசையை மரக்கிளையையும் நீரலையையும் நோக்கி அறிய வேண்டும். மூட்டைகளை எடை பார்த்து ஏற்றுபவனும் பெரும்பாலும் அவனே. வெப்பம் மிகுந்தாலும் உயரம் மிகுந்தாலும் காற்று அடர்த்தி குறையும். இறக்கையின் தாங்கும் ஆற்றலும் எஞ்சினின் வலிமையும் அதனோடு குறையும். காலையில் எளிதாக எழும்பிய அதே சுமையோடு நண்பகலில் எழும்ப இயலாமற் போகலாம். நேபாளத்து லுக்லா விமான நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,845 மீட்டர் உயரத்தில், சரிவான குறுகிய ஓடுபாதையோடு அமைந்தது. அங்கே மேட்டை நோக்கி இறங்குவர். பள்ளத்தை நோக்கிப் புறப்படுவர். பாப்புவா நியூ கினியின் மலைகளிலும் இத்தகைய ஒருவழிப் பாதைகள் பல உண்டு. இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழ அத்தகைய இடங்களில் வழி இருப்பதில்லை.

இவ்வேலையை நம் நாட்டிலேயே தேடலாகாதா என்று கேட்கலாம். முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 2010ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அந்தமானில் 'ஜல் ஹன்ஸ்' என்னும் நீர் விமானச் சேவை தொடங்கப்பட்டது. கேரளத்தில் 2013ஆம் ஆண்டு தொடங்க முற்பட்டபோது, மீனவர்கள் தம் வாழ்வு கெடுமென்று எதிர்த்தமையால் திட்டம் நின்றது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் குஜராத்தில் சபர்மதிக்கும் கேவடியாவுக்கும் இடையே தொடங்கிய சேவையும் நிலைக்கவில்லை. இதனாலேயே இளைஞர்களின் கண் வெளிநாட்டை நாடுகிறது.

வெளிநாடுகளுள் மூன்றினை எடுத்துக்கொள்வோம். நமக்கு மிக அருகில் உள்ளது மாலத்தீவு. அங்கே நீர் விமானங்கள் பகற்பொழுதில் மட்டுமே தீவுகளுக்கிடையே பறக்கின்றன. நீரில் இறங்கிய அனுபவமுள்ளோரையே தலைமை விமானியாக அமர்த்துவர். இரண்டாவது, ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா. அங்கு மவுன் என்னும் ஊரிலிருந்து ஒக்கவாங்கோ சதுப்பு நிலத்து விடுதிகளுக்குச் சிறு செஸ்னா விமானங்கள் செல்கின்றன. குறைந்த பறப்பு மணி உள்ள இளைஞர்கள் பல நாடுகளிலிருந்தும் அங்குச் சென்று, நிறுவனங்களின் வாயிற்படி ஏறி இறங்குவது நெடுநாள் வழக்கம். சிலர் மாதக்கணக்கில் கைப்பொருளைச் செலவிட்டுக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவதும் உண்டு. மூன்றாவது அலாஸ்கா. அங்கே பறக்கும் திறன் மட்டும் போதாது. அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமையும் வேண்டும். அவ்வுரிமை இல்லாதார்க்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியதே.

இனி, பலரும் அறியாத ஒரு சட்டநுட்பத்தைக் கூறுவோம். 1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சிகாகோவில் கையொப்பமான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 32ஆம் பிரிவின்படி, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ, அந்த நாடு வழங்கிய அல்லது செல்லத்தக்கதென ஏற்றுக்கொண்ட உரிமம் அதன் விமானிக்கு வேண்டும். ஆகவே இந்திய உரிமம் பெற்றவன் போட்ஸ்வானாவில் பதிவான விமானத்தை அப்படியே ஓட்ட இயலாது. அந்நாட்டார் கேட்கும் தேர்வையும் மருத்துவச் சோதனையையும் முடித்து ஏற்பு பெற வேண்டும். உரிமம், ஏற்பு, குடிநுழைவு அனுமதி, வேலை அனுமதி ஆகிய நான்கும் வெவ்வேறானவை. ஒன்று கிடைத்தால் மற்றவையும் கிடைத்தனவென்று கருதலாகாது.

எம் தமக்கையின் குடும்பம் தடுமாறியது இவ்விடத்திலேதான். ஒருநாள் அக்காள் ஓர் ஒப்பந்தத்தாளை எம்மிடம் கொடுத்து, "தம்பி, இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல், நாளை நிலப்பத்திரத்தை வைத்துப் பணம் வாங்கப் போகிறோம்" என்றாள். முகவர் ஒருவர் விளம்பரத்தில் 'வெளிநாட்டு விமானி வேலை உறுதி' என்று அச்சிட்டிருந்தார். ஆங்கில ஒப்பந்தத்திலோ, வேலை தேட 'உதவப்படும்' என்றும், அதுவும் அயல்நாட்டு அதிகாரிகளின் 'இசைவுக்கு உட்பட்டது' என்றும் மட்டுமே இருந்தது. கட்டிய பணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது என்ற வரி மிகச் சிறிய எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. சொற்களை எடைபோடுவதே தொழிலாகக் கொண்ட நாம் அந்த மூன்று தொடர்களையும் தமிழில் எழுதிக் காட்டினோம். அக்காள் நெடுநேரம் பேசவில்லை. முன்பணமாகக் கொடுத்த தொகை போயிற்று, நிலம் தப்பிற்று.

ஆயின் இளைஞனின் விருப்பத்தைக் கிள்ளி எறிவது நம் நோக்கமன்று. வழியை முறைப்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நாம் கூற விரும்புவது.

முதலாவது, மருத்துவச் சோதனை. பணம் கட்டுமுன் இதனை முடிக்க வேண்டும். நிறக்குருடு போன்ற குறை பின்னர்த் தெரியவந்தால், செலவிட்ட தொகையெல்லாம் வீணாகும். தொழில்முறை விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று இன்றியமையாதது.

இரண்டாவது, உரிமம். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதிப்படி, வணிக விமானி உரிமத்திற்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரப் பறப்பும் வேண்டும். அதனுள் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருத்தல் வேண்டும். கல்வித் தகுதி பற்றிய விதிகள் காலந்தோறும் திருத்தப்படுவதால், அவற்றை இயக்ககத்தின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்வது நன்று. ஆங்கிலத்தில் வானொலித் தொடர்பு கொள்ளும் திறன், சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலையையேனும் எட்ட வேண்டும்.

மூன்றாவது, பறப்பு மணி. 200 மணியோடு வருவோரைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. அவற்றின் காப்பீட்டாரும் அதற்கு இசைவதில்லை. ஆதலால் பயிற்சியாசிரியராகவோ சிறு விமானச் சேவையிலோ பணிபுரிந்து மணிகளைச் சேர்ப்பது வழக்கம். நீர் விமானத்திற்குத் தனித் தகுதி பெற வேண்டும்.

நான்காவது, முகவர். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவெண்ணைக் கேட்பதில் நாணம் வேண்டுவதில்லை. கேரளத்தார் 'நோர்க்கா ரூட்ஸ்' அலுவலகத்திலும் விசாரிக்கலாம். வேலை அளிப்பதாகக் கூறும் நிறுவனத்திற்கு நேரே கடிதம் எழுதிக் கேட்பது எல்லாவற்றிலும் எளிது. பயிற்சிப் பள்ளியின் பணத்தையும் வேலை முகவரின் பணத்தையும் ஒரே தாளில் சேர்த்து எழுதும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாதிருப்பது நலம்.

எம் மருமகன் இப்போது மருத்துவச் சோதனையை முடித்துச் சான்று பெற்றுவிட்டான். செலவுக்குக் கல்விக் கடனையும் உதவித்தொகையையும் நாடி விண்ணப்பித்திருக்கிறான். அவன் போட்ஸ்வானாவுக்குச் செல்வானோ, மாலத்தீவுக்குச் செல்வானோ, அன்றி மாட்டுப்பட்டியிலேயே ஒருநாள் இறங்குவானோ, நாம் சொல்ல இயலாது. ஆனால் அன்றாடம் மாலையில் வயல் வரப்பில் நின்று, கணவாய்க் காற்று எப்பக்கம் திரும்புகிறதென்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறான். அவ்வரப்பு இன்றும் அக்காளின் பெயரிலேயே இருக்கிறது.