அட்டைக்கு அஞ்சுகிறோம், உண்ணியை மறக்கிறோம்



பெங்களூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு மலைநாடு ஓர் இரவுப் பயணத் தொலைவுதான். தசரா விடுமுறை வந்தாலும், முழு ஆண்டுத் தேர்வு முடிந்தாலும், வாலிபர் முகாம் என்றும் குடும்பச் சுற்றுலா என்றும் வேன்களும் பேருந்துகளும் சிவமொக்கா, சிக்கமகளூர், குடகு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. மும்பையில் இருப்போர் லோனாவாலாவுக்கும் மாதேரானுக்கும், டில்லியில் இருப்போர் டேராடூன், ரிஷிகேஷ் பக்கமும் போகிறார்கள். ஆண்டு முழுவதும் ஓரறை வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகள் புல்வெளியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுவதைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பது நம் நோக்கமன்று. ஆயினும் புறப்படுமுன் பையில் எதை வைப்பது, திரும்பிய பின் எதைக் கவனிப்பது என்பதைப் பற்றிச் சற்றுப் பேசவேண்டியிருக்கிறது.

மலைநாட்டுப் பயணம் என்றதும் நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி, "அங்கே அட்டை இருக்குமா?" என்பதே. இருக்கும், மழைக்காலத்தில் ஏராளமாகவே இருக்கும். ஆனால் அந்தக் காடுகளில் நம்மைக் கடிக்கும் உயிர்களுள் மிகக் குறைந்த தீங்கு செய்வது அட்டைதான். (அது பூச்சி இனமும் அன்று, மண்புழுவின் உறவு.) வயிறு நிரம்பியதும் தானே கழன்று விழுந்துவிடும். இரத்தம் உறையாதபடி தடுக்கும் ஒரு பொருளை அது கடிவாயில் விட்டுச் செல்வதால் காயம் நெடுநேரம் கசியும். பார்ப்பவர் பதறுவது அதனால்தான். நெருப்பாலோ உப்பாலோ அதை வதைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் அது தன் வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடக்கூடும். தோலை ஒட்டி நகத்தை நுழைத்து, பற்றியிருக்கும் வாயை மெல்ல நெம்பி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டினால் போதும்.

அஞ்சவேண்டியவை வேறு. கடித்தது தெரியாது, வலிக்காது, கண்ணுக்கும் எளிதில் அகப்படாது. அத்தகைய இரண்டைப் பற்றி நம் குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, காட்டு உண்ணி. 1957-ஆம் ஆண்டு சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். உண்ணிகளின் வழியே பரவும் ஒரு வைரஸே காரணம் என்று அப்போதுதான் கண்டறிந்தார்கள். அக்காட்டின் பெயரால் கியாசனூர் காட்டு நோய் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கன்னட மக்கள் 'மங்கன காயிலெ', அதாவது குரங்கு நோய், என்கிறார்கள். பின்னர் கேரளத்தின் வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் ஆகிய இடங்களிலும் இந்நோய் தலைகாட்டியது. டிசம்பர் முதல் மே வரை இதன் காலம். பருவமடையாத இளம் உண்ணிகள், கசகசா அளவே உள்ளவை, அம்மாதங்களில்தான் சருகுகளிடையே மிகுதியாக இருக்கும். நம் கோடை முகாம்களும் அந்த மாதங்களிலேயே வருகின்றன என்பதைக் கவனியுங்கள். கடித்த மூன்று முதல் எட்டு நாட்களுக்குள் திடீரென்று கடுங்காய்ச்சல், தாங்கமுடியாத தலைவலி, தசைவலி, வாந்தி ஆகியவை தோன்றும்; சிலருக்கு இரத்தக் கசிவும் உண்டாகும். நோயுற்ற நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். இந்த வைரஸை அழிக்கத் தனி மருந்து இல்லை; மருத்துவமனையில் சேர்த்து உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சையே வழி. ஆகையால் கடி படாமல் காப்பதே முதல் மருந்தாகிறது. காட்டில் இறந்த குரங்கைக் கண்டால் பிள்ளைகளை அருகே விடாதீர்கள். உயிர் பிரிந்த உடலைவிட்டு உண்ணிகள் இறங்கி, அடுத்த உடலைத் தேடி அங்கேயே காத்திருக்கும். வனத்துறையாருக்கோ சுகாதாரத் துறையாருக்கோ சொல்லிவிட்டு விலகுங்கள்.

இரண்டாவது, இன்னும் சிறியது. தமிழ்ப் பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகின்ற ஸ்க்ரப் டைஃபஸ் நோய், உண்மையில் நாயின் காதில் காணும் உண்ணியால் வருவதன்று. புல்லிலும் புதரிலும் வாழும் நுண்ணிய செந்நிறப் பூச்சியொன்றின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. மழைக்காலத்திலும் அது ஓய்ந்த மாதங்களிலும் இது பெருகும். தசரா, தீபாவளி விடுமுறைகள் அக்காலத்தவை. மலைநாட்டில் மட்டுமன்று, இமயமலை அடிவாரத்திலும், நம் தமிழ்நாட்டிலும், நாட்டின் வேறு பல பகுதிகளிலும் உண்டு. பெருங்காடு வேண்டியதில்லை, வயலோரப் புதர், முகாம் மைதானத்தின் வெட்டாத புல், இவையே போதும்.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பி, சுற்றுலாவை மறந்து, அலுவலகம் போய்க்கொண்டிருப்பீர்கள். ஆபத்து இங்கேதான். பட்டணத்து மருத்துவர் வைரஸ் காய்ச்சல் என்றோ டைஃபாய்டு என்றோ எண்ணி மருந்து தருவார். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளுக்கு இக்கிருமி அடங்குவதில்லை. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுத்தால், தொடக்கத்திலேயே கொடுத்தால், பெரும்பாலோர் இரண்டு மூன்று நாட்களில் தேறத் தொடங்குவர். ஒரு வாரம் தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று பற்றிப் படரும். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்தே நரம்பு வழியாகச் செலுத்துவது, ஒன்றை மட்டும் தருவதைவிடச் சிறந்தது என்று 2023-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. அதை முன்னின்று நடத்தியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்.

மருத்துவருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. பூச்சி கடித்த இடத்தில் பலருக்கும், எல்லாருக்கும் அன்று, சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு ஒன்று தோன்றும். வலியிராது, ஆகவே நோயாளி அறியமாட்டார். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், இடுப்பில் நாடாவோ பெல்ட்டோ அழுத்தும் இடம், முழங்காலின் பின்புறம் ஆகிய மறைவிடங்களிலேயே அது இருக்கும். மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட்டு மறைத்துவிடுகிறவர்கள் நம்மிடையே அதிகம். பெண்கள் பெண் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தயங்காமல் காட்டவேண்டும். அந்த ஒரு பொருக்கு, பல இரத்தப் பரிசோதனைகளைவிட விரைவாக நோயைச் சொல்லிவிடும்.

இனி, தடுக்கும் வழிகள். உடையிலிருந்து தொடங்குவோம். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது. பார்ப்பதற்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் உண்ணி கீழிருந்துதான் ஏறுகிறது. சகோதரிகள் காட்டுப் பாதையில் நடக்கும் நாளில் சேலையைவிடச் சுடிதார் நல்லது. சேலைதான் என்றால் உள்ளே நீண்ட காலுறை அணியுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை நம் சபைகளில் வெள்ளுடை உடுத்துவோருக்கு ஒரு வசதி இருக்கிறது: கருமையான நிறங்கள் கொசுவை ஈர்க்கும்; வெள்ளைத் துணியிலோ ஊர்ந்து ஏறும் உண்ணி உடனே கண்ணில் படும்.

முகாம்களில் நாம் தரையில் அமர்கிறோம். அதிகாலையில் மரத்தடியில் முழங்காற்படியிடுகிறோம். மதிய உணவுக்குப் பின் புல்லிலேயே படுத்தும் விடுகிறோம். புல்லின்மேல் நேரே உட்காராமல் தடித்த தார்ப்பாயை விரித்து, அதன்மேல் ஜமுக்காளத்தைப் போடுங்கள். துவைத்த துணிகளைப் புதர்மேல் உலர்த்தாதீர்கள், கயிறு கட்டுங்கள். மாலையில் அறைக்கு வந்தவுடன் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணிகளைச் சுடுநீரில் போட்டுவிடுங்கள். பிள்ளைகளின் காதின் பின்புறம், தலைமுடி, அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம் ஆகியவற்றைத் தாய்மார் விரலால் தடவிப் பார்க்கவேண்டும்.

பூச்சி விரட்டும் களிம்புகளைப் பற்றி நம்மிடம் பல எண்ணங்கள் உலவுகின்றன. பூண்டு தின்றால் கொசு அண்டாது என்பதும், பி வைட்டமின் மாத்திரை விழுங்கினால் போதும் என்பதும் சோதனைகளில் நிற்கவில்லை. கையில் கட்டும் வாசனைப் பட்டைகளும் அவ்வாறே. வேப்பெண்ணெயும் எலுமிச்சைப்புல் வகை எண்ணெய்களும் சிறிது நேரம் காக்கும், பிறகு கைவிட்டுவிடும். நம்பத்தக்கவை டீட் அல்லது பிகாரிடின் 20 விழுக்காட்டளவு கொண்ட திரவங்கள். பெரிய மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். எங்கும் கிடைக்கும் ஓடோமாஸ் களிம்பில் டைஎத்தில் பென்சமைடு என்னும் பொருள் 12 விழுக்காடு உள்ளது. கொசுவுக்கு அது பயன்படும், வியர்த்தால் மீண்டும் பூசவேண்டும். மலைநாட்டுக் கிராமங்களில் உண்ணிக்கென்று சுகாதாரத் துறையினர் 'தீபா' என்னும் எண்ணெயை வழங்குகிறார்கள். காட்டையொட்டித் தங்குவோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

எதைப் பூசினாலும் திறந்திருக்கும் தோலில் மட்டும் பூசுங்கள். உடைக்குள்ளே வேண்டாம், புண்ணிலும் வேண்டாம். வெயில் தடுக்கும் களிம்பும் பூசுவதானால் அது முதலில், பூச்சி மருந்து அதன்மேல். சிறு பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தங்கள் கையில் எடுத்துப் பூசிவிடவேண்டும். பிள்ளைகளின் கையில் பூசினால் அது வாய்க்கும் கண்ணுக்கும் போய்விடும். இரண்டு மாதத்திற்குட்பட்ட கைக்குழந்தைக்கு எதுவும் பூசலாகாது, வலை ஒன்றே காவல். மூடிய கூடாரத்திற்குள் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவதை அறவே விடுங்கள். புகையும் கேடு, தீயும் கேடு.

கொசுவுக்கும் நேரம் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலைக்கு முன்னும் கடிக்கும். மலேரியாவின் அனோபிலிஸ் இருட்டிய பின் கடிக்கும். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களின் காட்டுக் கிராமங்களுக்கு ஊழியப் பயணம் செல்லும் குழுவினர் வெறும் களிம்பை நம்பிப் போகலாகாது. மருந்தூட்டிய கொசுவலையை உடன் கொண்டு செல்லுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை தேவையா என்று புறப்படுமுன்னரே மருத்துவரிடம் கேளுங்கள்.

உண்ணி ஒட்டிவிட்டது, என்ன செய்வது? தீக்குச்சி, மண்ணெண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். நுனி கூரான இடுக்கியால், தோலை ஒட்டி, அதன் தலைப்பக்கத்தைப் பற்றி, திருகாமல், நசுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுங்கள். வெறும் விரலால் நசுக்குவது மிகத் தவறு. பிறகு கடிவாயையும் கையையும் சோப்பால் கழுவி, கடித்த தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் கொசுக்கடிக்கும் பூச்சிக்கடிக்கும் எளிய வைத்தியமே சிறந்தது. சோப்பு நீரால் கழுவுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு கலமைன் லோஷன். அது இல்லையேல் சமையல் சோடாவைச் சில துளி நீரில் குழைத்துப் பூசிப் பத்து நிமிடத்தில் கழுவிவிடலாம். அரிப்பு அடங்கவில்லையானால் செட்டிரிசைன் மாத்திரை உதவும். சிலருக்குத் தூக்கம் வரும், வேன் ஓட்டும் சகோதரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். சுண்ணாம்பு, பற்பசை, பெட்ரோல் ஆகியவை தோலைப் புண்ணாக்குவதோடு சரி. பிள்ளைகளின் நகத்தைப் பயணத்திற்கு முந்தின நாளே வெட்டிவிடுங்கள். கடியைவிடச் சொறிந்த நகமே அதிகம் சீழ் பிடிக்கச் செய்கிறது. சிவப்பு நாளுக்கு நாள் பரவி, தொட்டால் சுட்டு, சீழ் கட்டினால் மருத்துவரிடம் காட்டவேண்டும். கடிபட்ட சில நிமிடங்களில் உதடோ நாக்கோ வீங்கி, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நொடியும் போக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஊர் திரும்பிய பின் மூன்று வாரம் வரை வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "இன்ன தேதியில் இன்ன காட்டுக்குப் போயிருந்தோம், புல்லில் படுத்தோம்" என்று மருத்துவர் கேட்காமலே சொல்லுங்கள். மலேரியா மாதங்கள் கழித்தும் வரக்கூடுமாதலால், காட்டுக் கிராமங்களுக்குச் சென்றவர்கள் அந்த ஆண்டு முழுவதும் இதை நினைவில் வைக்கவேண்டும். மருத்துவரைக் காணும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் புரூஃபனும் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். முகாம் நடத்தும் சகோதரர்கள் வந்தவர்களின் பெயர், கைப்பேசி எண்களைப் பயணம் முடிந்ததும் எறிந்துவிடாமல் ஒரு மாதமாவது வைத்திருப்பது நல்லது. ஒருவருக்கு இந்நோய் என்று தெரியவந்தால், அதே புல்லில் அமர்ந்திருந்த மற்றவர்களுக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடலாம்.