“ஜுனம் டாகா!”: பழைய ஆப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

புனேயில் தாபோடி ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை ஒன்று. டெம்பர்டு கிளாஸ் மாற்றப் போயிருந்தேன். எனக்கு முன்னால், கட்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம்மூர்ப் பெரியவர். “ஜுனம் டாகா, ஜுனம்” என்று போனை நீட்டினார். மராத்தியில் பழையதைப் போடு என்கிறார். ராத்திரி தானாக அப்டேட் ஆன ஆப்பில் எழுத்து சிறுத்து, பொத்தான்கள் இடம் மாறிவிட்டன. கடைப் பையன் உதட்டைப் பிதுக்கினான். “ஹோத் நாஹி, காகா.” முடியாதாம்.

“ஏன் தம்பி, நேத்து வரைக்கும் இதுக்குள்ளதானே இருந்துச்சு?” என்று என்னிடம் திரும்பினார்.

இருந்தது, இப்போது இல்லை. புதியது வந்து உட்கார்ந்ததும் பழைய கோப்பை ஆண்ட்ராய்டு அழித்துவிடும். ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ளே ஒரு எண் உண்டு. போனில் இருப்பதைவிடச் சின்ன எண்ணோடு எது வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். (ப்ளே ஸ்டோரில் அந்த எண்ணுக்கு உச்சவரம்பு 210 கோடி, தீர்ந்துபோகும் என்ற கவலை வேண்டாம்.) இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. பாதுகாப்பு ஓட்டையை அடைத்த ஆப்பின் மேல், ஓட்டையோடு இருந்த பழையதை எவனாவது ஏற்றிவிடக் கூடாதே!

போனோடு சேர்ந்தே வந்த ஆப்களுக்கு மட்டும் விலக்கு. அவற்றின் தொழிற்சாலைப் பிரதி போனின் அடித்தளத்தில் பத்திரமாக இருக்கும். 2021 மார்ச் 23, செவ்வாய்க்கிழமை காலையில் அதுதான் கைகொடுத்தது. அன்று இந்தியா உட்பட உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் தொடங்கிப் பல ஆப்கள் திறந்ததுமே மூடிக்கொண்டன. கோளாறு அந்த ஆப்களில் இல்லை. ஆப்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் ‘வெப்வியூ’ என்ற பொது உறுப்பில். அதன் அப்டேட்டை மட்டும் நீக்கச் சொன்னது சாம்சங். நீக்கியவர்களுக்கு ஜிமெயில் எழுந்து உட்கார்ந்தது. சில மணி நேரத்தில் கூகுள் சரிசெய்து அனுப்பியது. அந்தச் சரிசெய்த பதிப்புக்கும் எண் கூடுதல்தான்.

தயாரித்த கம்பெனிக்கே பின்வாசல் கிடையாது. பழைய நிரலைத்தான் தரப் போகிறோம் என்றாலும், அதற்குப் புதிய எண் குத்தி அடுத்த அப்டேட்டாகத்தான் அனுப்ப வேண்டும். அதுகூட எப்போதும் நடப்பதில்லை. அமெரிக்க ஒலிபெருக்கிக் கம்பெனி சோனோஸ் 2024 மே மாதம் ஆப்பை அடியோடு மாற்றி வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. பழையதையே கொடுக்கலாமா என்று பரிசோதித்தும் பார்த்தார்கள். அதற்குள் சர்வரும் ஒலிபெருக்கிகளுக்குள் இருக்கும் மென்பொருளும் மாறியிருந்தன. பழையதைக் கொண்டுவந்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று அந்த ஆகஸ்டில் கைவிரித்தார் தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ். 2025 ஜனவரியில் அவர் பதவியே போயிற்று. ஆப்பில் பாதிதான் நம் போனில் இருக்கிறது; மீதி கம்பெனியின் சர்வரில்.

ஆப்பை முழுதாக நீக்கிவிட்டு, அதை நிறுவும் பழைய ஏபிகே கோப்பை வெளியிலிருந்து இறக்கிப் போடுவது பலரும் கையாளும் வழி. இங்கேதான் ஆபத்து. ஒவ்வொரு ஆப்பிலும் தயாரித்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். மேலே வந்து உட்காரும் அப்டேட்டில் அதே கையெழுத்து இல்லையென்றால் போன் மறுத்துவிடும். ஆனால் பழையதுக்குப் போக முதலில் இருப்பதை நீக்கியாக வேண்டுமே! நீக்கியபின் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது. வருவது யாருடைய கையெழுத்தோடு வந்தாலும் போனுக்குப் புதுமுகம்தான். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் காலத்தில், இது சின்ன விஷயமில்லை. பணம் புழங்கும் ஆப்களில் இந்த வேலையே வேண்டாம் என்பேன்.

நீக்கும்போது உள்ளே சேர்த்ததும் போகும். கடன் கணக்கை ஆப்பில் எழுதிவைக்கும் மளிகைக்கடைக்காரர் பேக்கப் எடுக்காமல் நீக்கினால், யார் எவ்வளவு பாக்கி என்பதை வாடிக்கையாளரிடமே கேட்க வேண்டியதுதான். பேக்கப் இருந்தாலும் உறுதியில்லை. புதிய பதிப்பு கணக்கு நோட்டில் கூடுதலாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கும்; பழையதுக்கு அந்த நோட்டைப் படிக்கத் தெரியாது, திறந்ததும் விழுந்துவிடும்.

ஐபோனில் இந்தப் பேச்சுக்கே அவ்வளவாக இடமில்லை. பழைய ஐஓஎஸ் ஓடும் கருவிக்குப் பொருந்துகிற கடைசிப் பதிப்பை ஆப் ஸ்டோர் தானாகத் தரும். நாம் விரும்பியதைக் கேட்டு வாங்க முடியாது.

இதையெல்லாம் பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் நான் சொல்லிக்கொண்டிருக்க, பையன் செட்டிங்ஸில் போய் எழுத்தை இரண்டு படி பெரிதாக்கினான். பெரியவர் போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார், முகம் தெளியவில்லை. சட்டைப் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தார். மனைவியுடையதாம். அதில் அதே ஆப், இன்னும் அப்டேட் ஆகாமல்.

“இதுல பழசு இருக்குல்ல? இதைப் பூட்டிக் குடு.”

ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, ஆட்டோ அப்டேட்டுக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்துவிட்டான் பையன். கம்பெனி சர்வரை மாற்றும்வரை ஓடும் என்று சொல்லி, இரண்டு போனையும் அவர் கையில் வைத்தான். “வீட்டம்மாவுக்குப் புதுசைக் குடுத்துடலாம்” என்றபடி அவர் படியிறங்கினார்.